பராமரிப்பவர்

எடைப்பாலத்துக் கணினியை மாற்றச் சொல்லி
மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்.
மூன்று தடவையும் மில் மேனேஜர்
"இன்னும் ஓடுதுல்ல?" என்றார்.

நேற்று மாலை இடி இறங்கியதில் ஹார்ட் டிஸ்க் போனது.
புதியதில் சிஸ்டம் ஏற்றியாயிற்று.
எடைச்சீட்டு நிரல் மட்டும் பாக்கி.
ஆயத்தமாய்க் கட்டிவைத்த பொட்டலம் எங்கும் இல்லை,
மூலத்திலிருந்து கட்டித்தான் எடுக்க வேண்டும்.

இரவு பதினொன்று. பத்தாங் பெர்ஜுந்தை.
பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறி
எத்தனையோ வருஷம்.
லோரிக்காரர்கள் வாயில் இன்னும் பழையதுதான்.
எந்தப் பெயரைச் சொன்னாலும்
பஸ் இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது.
லைப்ரரிகளுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.
பெயருக்குப் பின்னால் ஓர் எண் கூடினால்
முன்பின் தெரியாதவர் போல
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மேக் என்று தட்டினேன்.
அது ஒன்றைக் கேட்டது.
அந்த ஒன்று இரண்டைக் கேட்டது.
இரண்டில் ஒன்று,
எடைக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல்,
படம் வரைகிற மூட்டை முழுவதையும் கேட்டது,
ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைத்தால்
வேன் பிடித்து வருகிற சொந்தம் மாதிரி.

கேட்டுக்கு வெளியே காக் ரொஹானாவிடம்
நாசி லெமாக் வாங்கி வந்தேன்.
சம்பல், நெத்திலி, அரை முட்டை, இரண்டு துண்டு வெள்ளரி.
வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கும் பொட்டலம்
இந்த ஊரில் அவரிடம் மட்டும்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு
செக்சம் ஒத்துப்போகவில்லை என்றது.
பதிவில் ஓர் எண், இறங்கிய கோப்பில் வேறோர் எண்.
சரிபார்க்காமல் தாண்டிப்போக வழி உண்டு,
எனக்கும் தெரியும்.
ஆனால் பகலெல்லாம் என் வேலையே அதுதானே:
சீட்டில் ஒன்று, பாலத்தில் ஒன்று என்றால்
லோரியை ஓரங்கட்டச் சொல்பவள் நான்.
அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன்.
லைன் பாதியில் அறுந்த கோப்பு அது. வேறொன்றுமில்லை.

இரண்டு மணிக்கு, இருநூற்றுப் பதினாலாம் வரியில் நின்றது.
முந்திய கம்பைலர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும்;
புதியது விடுவதில்லை.
மேலே பராமரிப்பவர் என்ற இடத்தில்
ந. புவனேந்திரன் என்று ஒரு பெயர்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்,
இப்போது ஜொகூரிலிருந்து தினமும்
பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை.
பஸ்ஸுக்காக எழுந்திருந்தார் போல,
அனுப்பிய நிமிஷமே பதில் வந்தது.
"இன்னுமா அது ஓடுது?"
பிறகு:
"ஒரு ஹெடர் சேர்க்கணும், அவ்வளவுதான்.
சற்குணவதி, அப்படியே என் பேரை எடுத்துடு."

ஹெடரைச் சேர்த்தேன். ஒரே வரி.
ஒற்றை வரிக்கு ஒரு பேட்ச் கோப்பு,
அதன் தலையில் தேதி, காரணம்.
பாய்லர் இரைச்சலுக்கு நடுவே
எழுத்துகள் திரையில் ஏறிக்கொண்டே போயின.
மேசையில் தலை சாய்த்தேன்.
நிமிர்ந்தபோது நின்றிருந்தன, பிழையில்லாமல்.

கட்டியதைப் பொட்டலமாக்கி
பென் டிரைவில் போட்டு
இழுப்பறையில் பிளாஸ்டர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அடுத்த இடிக்கு.

அவர் பெயரை அழித்துவிட்டேன்.
அந்த இடத்தில் என் பெயரைப் போட்டால்
எங்கோ ஒரு மில்லில்
இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்
என்னைத்தான் எழுப்புவார்.
சம்பளச் சீட்டில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.
யாருமில்லை என்றும் எழுதலாம்,
அனுமதி உண்டு.
நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆறு நாற்பது.
பாலத்தின் மேல் குலைகளோடு ஒரு லோரி,
ஜன்னலில் அஸ்மான்:
"காக், செப்பாட் சிக்கிட்!"
ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.
பிரிண்டர் ஒருமுறை இருமிவிட்டுச்
சீட்டைத் தள்ளியது.

பராமரிப்பவர், முக்காற்புள்ளி,
அதற்குப் பக்கத்தில் கர்சர்
இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.
பின்னால் இன்னும் நான்கு லோரிகள்.